பேச மட்டுமே தெரிந்த பெட்டி

மிக்ஸி ரிப்பேர் செய்கிறவர் தான் சரிசெய்த மிக்ஸி தினமும் ஓட வேண்டும் என்று நினைப்பார். டிஃபிப்ரிலேட்டர் ரிப்பேர் செய்கிற எங்களுக்கு, அது ஒரு நாளும் ஓட வேண்டிய அவசியமே வரக்கூடாது என்பதுதான் வேண்டுதல்.

தாறுமாறாகத் துடித்து நிற்கப் போகிற இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் டிஃபிப்ரிலேட்டர். தொண்ணூறுகளின் நடுவில், மெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு, விவேக் நகரிலிருந்து பஸ் ஏறிப் போய் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். பெங்களூரில் இருக்கிற நர்சிங் ஹோம் எல்லாம் சுற்றி இந்தப் பெட்டிகளைச் சோதிப்பது என் வேலை. நீங்கள் லிஃப்ட் பார்க்கிறவராகவோ, பஸ் பிரேக் பார்க்கிறவராகவோ, கேஸ் ஸ்டவ் ட்யூப் மாட்டுகிறவராகவோ இருந்தால் என் கஷ்டத்தை நான் விளக்கவே வேண்டாம். வீட்டில் சோற்றைப் பிசையும்போது, 'அந்த நட்டை இறுக்கினேனா?' என்று கை அப்படியே நின்றுவிடும். நான் பார்த்துவிட்டு வந்த பெட்டி, வேண்டிய நேரத்தில் வேலை செய்யாமல் போய்விடுமோ என்கிற பயத்தோடுதான் அத்தனை வருஷமும் சம்பளம் வாங்கினேன்.

சந்தனம், குங்குமம், சாமந்தி

வேலையில் சேர்ந்த புதிது. ஆயுத பூஜை முடிந்த வாரம் அல்சூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன். அந்தக் காலப் பெட்டிகளில் இஸ்திரிப்பெட்டி மாதிரி கைப்பிடி வைத்த இரண்டு தட்டுகள் இருக்கும். பேடில் என்போம். அவற்றை நோயாளியின் நெஞ்சில் அழுத்தித்தான் ஷாக் கொடுக்க வேண்டும். கையில் எடுத்துப் பார்க்கிறேன், இரண்டு தட்டிலும் சந்தனம் வழித்துப் பூசி, காய்ந்து வெடித்திருக்கிறது. நடுவில் குங்குமம். சார்ஜ் செய்கிற குமிழில் ஒரு சாமந்திப் பூ.

காய்ந்த சந்தனத்துக்கு மேல் ஷாக் கொடுத்தால் மின்சாரம் ஒழுங்காக உள்ளே போகாது, நெஞ்சுத் தோல்தான் வெந்துபோகும். பூஜை அன்றைக்கும் நான் போன அன்றைக்கும் நடுவில் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால்? நல்ல வேளை, யாரும் வரவில்லை. தட்டுகளைத் துடைத்துக்கொண்டே ஹெட் நர்ஸ் லட்சுமம்மாவிடம், இதற்கு மட்டும் இனிமேல் பொட்டு வைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அவருக்கு வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்கேன் மெஷினுக்கு வெச்சோம், பி.பி. மெஷினுக்கு வெச்சோம், தராசுக்குக்கூட வெச்சோம். இதுக்கு மட்டும் வெக்கலைன்னா கோவிச்சுக்காதாம்மா?"

நேர்கோடு

ஒரு நர்சிங் ஹோமில் பெட்டியைச் சோதித்துவிட்டு, தூக்கிக்கொண்டு வராந்தாவில் வருகிறேன். வழியில் ஓர் அறையில் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். மானிட்டரில் கோடு ஏற்ற இறக்கமே இல்லாமல் நேராக ஓடுகிறது. டாக்டர் அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார், நர்ஸ் ஊசி போடுகிறார். பெரியவரின் மகன் வாசலில் நின்றுகொண்டு, "ஷாக் குடுங்க, ஷாக் குடுங்க" என்று கத்துகிறார். சினிமாவில் கோடு நேராகும், ஷாக் கொடுப்பார்கள், ஹீரோ கண்ணைத் திறப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறென்ன தோன்றும்?

உண்மை வேறு. இதயம் தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருந்தால்தான் ஷாக்குக்கு வேலை. அந்த ஷாக் இதயத்தை ஓட வைப்பதில்லை, ஒரு கணம் நிறுத்துகிறது. நடுக்கம் அடங்கியதும் இதயம் தானாகவே பழைய தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோடு நேராகிவிட்டது என்றால் நிறுத்துவதற்கு அங்கே நடுக்கமும் இல்லை. இதை அந்த வாசலில் வைத்து ஒரு மகனிடம் எப்படிச் சொல்வது? நான் சுவரோடு சுவராக நின்றேன். டாக்டர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். மகன் டாக்டரிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தார். அவர் அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை.

"கையில மெஷினை வெச்சுக்கிட்டு எங்கப்பா போறதை வேடிக்கை பாத்தியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

வீட்டு ஹாலில் ஒரு போர்க்களம்

இனி என் வீட்டுக்காரர் அருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருளின் அண்ணன் ஆஸ்டின் டவுன் மைதானத்தில் ஃபுட்பால் விளையாடிக்கொண்டிருந்தபோது விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. இதயச் சதை பிறவியிலேயே தடித்திருந்ததாம். அதற்குப் பிறகு அருளையும் பரிசோதித்துப் பார்த்தார்கள். அவருக்கும் அதே தடிப்பு, கொஞ்சம் குறைவாக. மாத்திரை கொடுத்து, ஓடக் கூடாது, பந்து தொடக் கூடாது என்றார்கள். என் மாமியார் அன்றிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் குழந்தை யேசு கோயிலுக்குப் போய், மிச்சமிருக்கிற பிள்ளைக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். எனக்கு மெழுகுவர்த்தியோடு பெட்டியும் தெரியும் என்பதால் பயம் இரட்டிப்பு. பக்கத்தில் படுத்திருக்கிறவர் மூச்சு சற்று மாறினாலும் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஓடக் கூடாது என்று சொன்ன மனிதர் என்ன செய்வார்? கம்ப்யூட்டரில் ஓடினார். ஓடி ஓடி அதையே பிழைப்பாக்கிக்கொண்டு, தொம்மலூரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தார். வெளியாவதற்கு முன்னால் கேமை விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தும் அதுதான். ஒரு நாள் எட்டிப் பார்க்கிறேன், திரையில் ஒரு சிப்பாய் குண்டடி பட்டு விழுகிறான். இன்னொருவன் என் பெட்டியின் இரண்டு பேடிலோடு ஓடி வருகிறான். ஒன்றோடொன்று தேய்க்கிறான். தட்டில் தடவுகிற ஜெல் இல்லை, சட்டையைக் கழற்றவில்லை, குண்டு துளைக்காத கோட்டுக்கு மேலேயே வைத்து அடிக்கிறான். விழுந்தவன் துள்ளி எழுந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அது போதாதென்று, எதிரில் வந்த எதிரியையும் அதே பேடிலால் அடித்துச் சாகடிக்கிறான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குண்டடி பட்டவனுக்கு ரத்தத்தை நிறுத்த வேண்டும், ஷாக் எதற்கு? எந்த மனுஷன் ஷாக் வாங்கியதும் எழுந்து ஓடியிருக்கிறான்? அடித்த கையோடு நெஞ்சை அழுத்த வேண்டாமா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாமா என்று பொரிந்து தள்ளினேன். எனக்கு அந்தச் சிப்பாயைப் பற்றிக் கவலை இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அருள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ சொல்ற மாதிரி நெஞ்சை அழுத்திட்டே இருந்தா அந்தப் பட்டனைத் தட்டியே என் விரல் தேஞ்சுரும் ஸ்டெல்லா. இங்கயாவது விழுந்தவன் சட்டுனு எழுந்திருக்கட்டுமே."

தொம்மலூரில் டெமோ

அதன் பிறகு சில வருஷம் கழித்து அருளின் கம்பெனியே ஒரு போர் கேம் செய்ய ஆரம்பித்தது. அதிலும் மருத்துவச் சிப்பாய் உண்டு. டீம் லீட் கார்த்திக், சேலத்துப் பையன், நிஜப் பெட்டியைப் பார்க்க வேண்டும், அதன் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டான். அதற்குள் எங்கள் கம்பெனிக்குப் பேசும் பெட்டிகள் வந்துவிட்டன. நெஞ்சில் ஒட்டினால் அதுவே பார்த்து, ஷாக் வேண்டுமா வேண்டாமா என்று இங்கிலீஷில் சொல்லும். டாக்டர் இல்லாத ஆபீஸில்கூட வைக்கலாம். அதில் பயிற்சிக்கென்று தனியாக ஒரு மாடல் உண்டு. பார்க்க அச்சு அசல் அதேதான், அதே குரல், அதே பேச்சு. ஆனால் உள்ளே துளி மின்சாரம் கிடையாது. 'பயிற்சிக்கு மட்டும்' என்று முதுகில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதையும் ஒரு ரப்பர் பொம்மையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

எல்லோரும் வட்டமாக நின்றார்கள். முன்வரிசையில் படம் வரைகிற நவீன், அருளோடு டெஸ்டிங்கில் இருக்கிற திவ்யா. திவ்யா திண்டுக்கல்லிலிருந்து வந்து பி.ஜி. விடுதியில் தங்கியிருந்த ஒல்லிப் பெண். பெட்டி, "ஷாக் டெலிவர்ட்" என்றது. அதாவது, ஷாக் கொடுத்தாயிற்று. உடனே அத்தனை பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு பொம்மையின் முகத்தையே பார்த்தார்கள். அது எழுந்திருக்கும் என்று காத்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ இடத்தில் டெமோ கொடுத்திருக்கிறேன், இந்தத் தப்பை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அருளும் அந்தக் கூட்டத்தில் நின்று பொம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குரலை உயர்த்திவிட்டேன். "அவன் எழுந்திருக்க மாட்டான். எழுந்திருப்பான்னு நின்னீங்கன்னா செத்துப்போவான். ஷாக் குடுத்தாலும் கை நெஞ்சுல இருக்கணும்." ஒவ்வொருவரையும் மண்டிபோட வைத்து, வியர்க்க வியர்க்க அழுத்த வைத்தேன். திவ்யா அழுத்தியதில் பொம்மையின் நெஞ்சு அமுங்கவே இல்லை. அவளை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன்.

சத்தம் பதிவு செய்ய இன்னும் சில நாள் வேண்டும் என்று கார்த்திக் கேட்டான். மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டி, இது பேசும், வேறொன்றும் செய்யாது என்று சொல்லி, பெட்டியை அவனிடம் விட்டுவந்தேன். உங்கள் கேமிலாவது நான் சொன்னதைப் போடுவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"உள்ளதை உள்ளபடி போட்டா, பாதிப் பேரு செத்துட்டே இருப்பான் மேடம். கேமை எவன் வாங்குவான்?"

அருளின் நம்பரிலிருந்து ஒரு போன்

அந்த வாரமே, ஒரு மத்தியானம். ஜெயநகரில் ஒரு நர்சிங் ஹோமில் பெட்டியைப் பிரித்துவைத்திருக்கிறேன். அருளின் நம்பரிலிருந்து போன். பேசியது திவ்யா. "மேடம், அருள் சார் சேர்ல இருந்து சரிஞ்சு விழுந்துட்டாரு. மூச்சு இல்ல. நீங்க வெச்சுட்டுப் போன மெஷினைப் போட்டாச்சு. ஷாக் குடுத்துருச்சு மேடம்."

அது எதையும் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே யாருக்கும் தெரியாது. விஷயம் தெரிந்த கார்த்திக் வெளியே போயிருந்தான். அது பொம்மைப் பெட்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் எல்லோரும் அருளை விட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். "அழுத்துறது யாரு?" என்று கேட்டேன். "நவீன். அடுத்து நான்." போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்களாம். யாருடையது என்று கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. அந்த வண்டியை எனக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சரும் சைரனும் தவிர உள்ளே ஒன்றும் கிடையாது. நர்சிங் ஹோம் போனிலிருந்து ஏர்போர்ட் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அடித்து, டிஃபிப் இருக்கிற வண்டியை அனுப்புங்கள் என்று கெஞ்சிவிட்டு, ரோட்டுக்கு ஓடி வந்து ஆட்டோவில் ஏறினேன்.

காதில் போன். மறுபக்கம் நவீன் மூச்சுவாங்க எண்ணுவது கேட்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அந்தப் பெட்டி, நோயாளியைத் தொடாதீர்கள், பரிசோதிக்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்கிறது. உடனே எண்ணிக்கை நின்றுவிடுகிறது. எதைப் பரிசோதிக்கிறது அது? அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் என் புருஷன் செத்துக்கொண்டிருக்கிறார். "திவ்யா, அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணு" என்று கத்தினேன். "ஷாக் வேண்டாமா மேடம்?" "வேண்டாம். கையை எடுக்காதீங்க, அது போதும்." பேச்சு நின்றது. எண்ணிக்கை மறுபடி தொடங்கியது. டெய்ரி சர்க்கிளில் சார்ஜ் தீர்ந்து என் போன் செத்தது.

அதற்குப் பிறகு தொம்மலூர் வரை எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நர்சிங் ஹோம் வராந்தாவில் என்னைத் திட்டிய அந்த மகனின் முகம் மட்டும் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, "அளபேடம்மா, ஹோக்தீவி, ஹோக்தீவி" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். அழாதேம்மா, போய்விடலாம் என்று அர்த்தம். நான் போய்ச் சேர்ந்தபோது அருளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதே ஆட்டோவில் அந்த ஏர்போர்ட் ரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் கெஞ்சி வரவழைத்த வண்டியில் இருந்த பெட்டி ஆபீஸ் மாடியிலேயே ஷாக் கொடுத்ததாம், இதயம் தாளத்துக்கு வந்துவிட்டதாம், இன்னும் கண் திறக்கவில்லையாம். ஐ.சி.யூ. வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். அப்போதுதான் கார்த்திக் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "அது ட்ரெய்னிங் பெட்டிடா. அதுல கரண்டே கிடையாது. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சே, பாக்கலியா?" நவீன் மெதுவாக, படம் சுத்தமாக வர வேண்டுமே என்று போட்டோ எடுக்கும்போது அதை உரித்துவிட்டதாகச் சொன்னான்.

திவ்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெஷின் அடிச்சும் அவரு எழுந்திருக்கலியேன்னு எங்களுக்குச் சந்தேகமே வரலை மேடம். எழுந்திருக்க மாட்டாருன்னு நீங்கதானே சொல்லியிருந்தீங்க. அதான் கையை எடுக்கலை."

சட்டைக்குள்ளே ஒன்று

அருள் கண் திறந்தார். ஆனால் துள்ளி எழுந்து துப்பாக்கியைத் தூக்கவில்லை. நெஞ்செலும்பு ஓரத்தில் விரிசல், இருமினால் உயிர் போகிற வலி. யார் அழுத்தியதில் விரிசல் விட்டது என்று நவீனும் திவ்யாவும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள், இருவருமே தான்தான் என்கிறார்கள். பெயர்கள்கூடக் கொஞ்ச நாள் குழம்பின. என் மாமியாரை அடையாளம் தெரிந்தது, என்னைத் தெரியச் சற்று நேரமானது. அந்தச் சற்று நேரத்துக்கு நான் பட்ட பாட்டை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு டாக்டர்கள் அவர் தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டிஃபிப்ரிலேட்டரையே வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இதயம் தடுமாறினால் அதுவே ஷாக் கொடுக்கும். என்னால் திறந்து பார்க்க முடியாத ஒரே பெட்டி, என் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறது. வீட்டுக்கு வந்த அன்று சட்டைப் பித்தானைத் திறந்து தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருள் என் கையைத் தள்ளிவிட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

"ஆயுத பூஜைக்கு இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுடு ஸ்டெல்லா, இல்லைன்னா கோவிச்சுக்கும்."

ஆக, பேச மட்டுமே தெரிந்த ஒரு பொம்மைப் பெட்டியை ஆஃப் பண்ணிவிட்டு அழுத்திய கைகளும், ஆம்புலன்ஸில் வந்த போட்டிக் கம்பெனிப் பெட்டியும் சேர்ந்துதான் என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தனவே தவிர, இத்தனை வருஷம் நான் சோறு இறங்காமல் பயந்து பயந்து சோதித்த பெட்டிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.